நான் சொல்லாததைச் சொன்ன தாய்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரி பஸ்ஸில் ஏறியபோது நீ அம்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டி வைத்த சோற்றுப் பார்சலையும் விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதை மத்தியானம் அப்பாதான் சாப்பிட்டார். உன் கெம்பஸ் அறிக்கை இன்னும் கடையில் ப்ரின்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஐந்து கொப்பி கேட்டாய், ஒன்றுதான் எடுத்திருக்கிறேன். அதையும் பைன்ட் பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும் என்பது எனக்கு மறந்து போகவில்லை.

இன்றைக்கு எஹலியகொட பஜாரில் மத்தியானத்திலிருந்து மழை. கரண்டும் இல்லை. போட்டோ கொப்பி மெஷினும் கணினியும் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன, கடைப் பக்கம் ஈ காக்கை கிடையாது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் பேனையை எடுத்தேன். இதை உன்னோடு படிக்கிற பெட்ச் பிள்ளைகள் வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளையைக் கெம்பஸுக்கு அனுப்பிவிட்டு, அது அங்கே எப்படிப் படிக்கிறது என்று தெரியாமலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிற என்னைப் போன்ற அம்மாமார் வாசித்தாலும் நல்லதுதான். கோபம் சனிக்கிழமையோடு போய்விட்டது தம்பி. இப்போது எனக்கு இருப்பது அதிர்ச்சி மட்டும்தான். தேத்தண்ணி ஊற்றப் போனவள் அடுப்பைப் பற்ற வைக்காமலே கேத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சனிக்கிழமை காலை நீ குளிக்கப் போகிற அவசரத்தில் அறிக்கையை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அம்மா, அஞ்சு கொப்பி, நல்ல கவர் போட்டு" என்றாய். இந்தக் கடையில் எத்தனை பிள்ளைகளின் எசைன்மன்ட் அச்சாகிப் போயிருக்கும்! ஒன்றையும் நான் வாசித்ததில்லை. வாசித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் உன்னுடையதன் முதல் பக்கத்தில் நம் தோட்டத்தின் பெயர் இருந்தது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தோட்டத்துப் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி. கீழே ஐந்து பேரின் பெயர், நான்கு சிங்களப் பெயர்களுக்கு நடுவில் உன் பெயர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மருந்துக்கடை பாமசி ஐயாவிடம் கொண்டுபோய், "மகே புத்தாகே", என் மகனுடையது என்று காட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் கல்லாவில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும், படிவம் நிரப்புகிற ஆங்கிலம். விளங்காத இடங்களைக் கணினியில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்தேன். சிரிக்காதே.

அறிக்கையில் முதலில் நம் லெட்சுமி அக்கா வந்தாள். பெயர் போடவில்லை, மேல் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும், ரப்பர்ப் பால் வெட்டும் தாய் என்றுதான் இருந்தது. மகள் ஓ.எல். எழுதிவிட்டுக் கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டாள் என்று இருந்ததால் அது லெட்சுமியேதான். "வறுமை என் மகளின் புத்தகப் பையைப் பறித்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாளாம். லெட்சுமியா? அவள் வாய்க்குப் பயந்து கணக்கப்பிள்ளையே வேறு பாதையால் சுற்றிப் போவார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே நான் இருந்தேன்.

அதே தோட்டத்தில் பிறந்து, டவுனில் சின்னக் கடை வைத்து, மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தாய். நம் தோட்டத்தில் என்னைத் தவிர அப்படி யார் இருக்கிறார்கள்? உங்கள் பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்பிலிருந்து நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவளிடம் கேட்கிறார்கள். "ரப்பர் கத்தி என் கைகளில் எழுதிய தழும்புகளை என் மகனின் பேனை அழித்துவிடும்" என்கிறாள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் என் கனவுக்கு எழுத்துத் தேவையில்லை" என்கிறாள். தம்பி, நான் பால்கத்தியைக் கையால் தொட்டதில்லை. என் கையில் இருக்கிற ஒரே தழும்பு லெமினேட் மெஷின் சுட்டது. எழுதப் படிக்கத் தெரியாது என்ற அந்த வரியை நானே என் மெஷினில் அச்சடித்து, நானே கையில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்! போனுக்கு ரீலோட் போட வந்த யாரோ "அக்கே, அக்கே" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாகப் பிறகு பாமசி ஐயா சொன்னார்.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாய்.

"இது யாருடா?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தாய். "சும்மா யாரோ ஒரு அம்மாதாம்மா."

"எந்த அம்மா? என்கிட்ட நீ எப்ப கேட்ட?"

"உங்க பதில் எனக்குத் தெரியும்தானேம்மா. அத என்னத்த கேக்குறது?"

"நான் இப்படியா பேசுவேன்?"

"நீங்க பேசுறத அப்படியே இங்கிலீசுல போட்டா ஒரு பக்கம் கூட வராது. லயத்துலயும் யாரும் ஒழுங்கா பேசல. அதான் ஏஐகிட்ட குடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"நான் என்ன செத்தா போயிட்டேன், எனக்குப் பதிலா இன்னொருத்தி பேச?" என்று கத்தினேன். "வேற யாரோ எழுதினதுக்குக் கீழ உன் பேர போட்டுக்குவியா? வெக்கமா இல்லையா?"

அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கணினியைக் கையால் காட்டினாய்.

"நம்ம கடையில என்னம்மா நடக்குது? ஒரே லெட்டர். பேர மட்டும் மாத்தி மாத்திக் குடுக்குறீங்க. தோட்டத்து ஆளுங்க எப்படிப் பேசுவாங்கன்னு காட்டுறதுக்கு அந்த லெட்டரத்தான் நான் அதுக்குக் குடுத்தேன். அதப் பாத்துத்தான் அது எழுதிச்சு."

தலையில் இடி விழுந்தது என்று சொல்வார்களே, அன்றுதான் எனக்கு அது விளங்கியது. இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் கடைக்குத் தோட்டத்து ஆட்கள் வருவது போட்டோ கொப்பிக்கு மட்டுமில்லை. பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவகருக்கும் கொடுக்கச் சிங்களத்தில் கடிதம் எழுதி வாங்கவும் வருவார்கள். கணினியில் ஒரு கடிதம் இருக்கிறது. 'ரப்பர் வெட்டிப் பிழைக்கும், எழுத வாசிக்கத் தெரியாத, மிகவும் வறிய குடும்பத்தைச் சேர்ந்த நான், கண்ணீரோடு வேண்டிக்கொள்வது' என்று தொடங்கும். தண்ணீர்க் குழாய் கேட்டாலும் அதுதான், கூரைத் தகரம் கேட்டாலும் அதுதான். பெயரும் கேட்கிற பொருளும் மட்டும் மாறும். ஸ்கூல் லீவில் எத்தனையோ தரம் நீயே உட்கார்ந்து பெயரை மாற்றித் தந்திருக்கிறாய். "பாவமா தெரிஞ்சாத்தான்டா பேப்பர் நகரும்" என்று உனக்குச் சொல்லித் தந்தவளும் நான்தான். ஆக, அந்த அறிக்கையில் தழும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவளை அந்த இயந்திரம் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. என் கடையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அதற்கு என் பதில் இப்போது வருகிறது, கேட்டுக்கொள். நான் எழுதும்போது எழுதச் சொன்னவர் என் எதிரே கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் தமிழில் சொல்லிக் காட்டி, "சரிங்களா?" என்று கேட்பேன். நீ அப்படிக் கேட்டாயா? இல்லை. இது பெரிய வித்தியாசம் என்று ஞாயிறு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பிறகு பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒருவராவது, "இல்லைங்க, நான் அப்படிக் கண்ணீர் வடிக்கல, அந்த வரிய எடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார்களா? ஒருவரும் சொன்னதில்லை. எல்லாரும் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். தோட்டத்துத் தொரைக்கும் கிளாக்கருக்கும் சொல்கிற அதே "சரிங்க". அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ நிறையப் பேசினாய். அன்று நான் ஒழுங்காகக் காது கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அது மட்டும்தான் காதில் கேட்கிறது. முதல் வருடத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், பகிடி சிங்களத்தில் நடக்கும், உனக்குப் பகிடி விளங்கும், பாடம் விளங்காது என்றாய். பாடம் எடுக்கிற சேர் "தேருணாத?", விளங்கியதா என்று கேட்பார், மண்டபம் முழுக்க "தேருணா சேர்" என்று சொல்லும், நீயும் சேர்ந்து சொல்வாயாம். ஒரு நாள் எழும்பிக் கேள்வி கேட்டாய், ஆங்கிலம் நடுவில் நின்றுபோனது, பின்னால் இருந்த எவனோ உன்னைப் போலவே திக்கிக் காட்டினான், அதோடு எழும்புவதை விட்டுவிட்டாய். முதல் எசைன்மன்டை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீயே எழுதினாய். அது சிவப்புச் சிவப்பாகத் திரும்பி வந்தது, தெரிந்தவர் யாரிடமாவது காட்டித் திருத்திக்கொண்டு வரச் சொல்லிக் கீழே ஒரு குறிப்போடு. "யாரும்மா இருக்கா நமக்குத் தெரிஞ்சவங்க?" என்று கேட்டாயே. உண்மைதான், யார் இருக்கிறார்கள்? நானா? லொறி ஓட்டுகிற உன் அப்பாவா?

அந்த நேரத்தில்தான் ஒரு சீனியர் பையன் அந்த ஏஐயைக் காட்டித் தந்திருக்கிறான். தமிழில் கேட்டாய், தமிழிலேயே விளக்கியது. விளங்கவில்லை என்றாய், இன்னொரு விதமாக விளக்கியது. எத்தனை தரம் கேட்டாலும் அலுத்துக்கொள்ளவில்லை. "அது மட்டுந்தாம்மா என்ன பாத்து சிரிக்கல" என்றாய். அதைச் சொன்னபோது உன் குரல் சின்னப் பிள்ளையில் இருந்த குரலாக மாறியது. இதில் எனக்கு உன்னோடு சண்டையில்லை. என் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லிக்கொடுக்க ஒன்று இருக்கிறதென்றால் அது மனிதனாக இருந்தால் என்ன, மெஷினாக இருந்தால் என்ன. கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

ஆனால் விளக்கியது பிறகு திருத்தித் தந்தது. திருத்தித் தந்தது பிறகு எழுதியே தந்தது. உன் சொந்த எழுத்துக்குச் சிவப்புப் போட்ட அதே கை அதன் எழுத்துக்கு 'மிகச் சிறப்பு' என்று போட்டது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? அப்பா அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்தார். நான் பஜார் முழுக்கக் காட்டினேன். நாங்கள் கை தட்டியது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. அதைப் பாவிக்கலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்கவும் உங்களுக்கு வழியில்லை போலிருக்கிறது. ஒரு மெடம் அதைத் தொட்டாலே பூச்சியம் என்கிறாராம், இன்னொரு சேர் தானே அதை வைத்துத்தான் பாடம் தயாரிப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறாராம். ஐந்து பேருக்கும் ஒரே மார்க்ஸ் என்பதால் உன் பகுதி பிந்தினால் மற்ற நாலு பேரும் உன் முகத்தைப் பார்ப்பார்களாம்.

"சரி, மொத வருசத்துக்குப் பொறகு நீயா எழுதினது எது?" என்று கேட்டேன். நீ தரையைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்:

"இப்ப எனக்குத் தொடங்கவே தெரியலம்மா. வெள்ளக் கடதாசியப் பாத்தா பயமா இருக்கு. அதுகிட்டக் கேட்ட பொறகுதான் நான் என்ன நெனைக்கிறேன்னு எனக்கே தெரியுது."

என் தலையில் தண்ணீரைக் கொட்டியதுபோல இருந்தது. எழுத்து போனால் போகட்டும், நாலு நாள் எழுதினால் திரும்பி வரும். நினைப்பதற்கே இன்னொருவரிடம் போய் நிற்கிறாயா? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. உன் கந்தல் ஆங்கிலம் உன்னுடையதடா. அதைத் தூக்கி எறிய உனக்கு எப்படி மனம் வந்தது?

எப்படி வந்தது என்று யோசித்தபோது உன் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலசிப் பரீட்சை வருடம் ஞாபகத்துக்கு வந்தது. நான் சென்ற சுற்றுலா என்று கட்டுரை. டியூஷன் மாஸ்டர் மாதிரிக் கட்டுரை கொடுத்திருந்தார், நுவரெலியாவுக்குப் போனோம், குளிர் வாட்டியது, மலர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன என்று. நீ அதுவரை இரத்தினபுரி ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனதில்லை. "நான் போகலியேம்மா, எப்படி எழுதுறது?" என்று கேட்டாய். பிறகு நீயாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாய். அப்பாவுக்குக் கால் முறிந்து வார்டில் இருந்தபோது பார்க்கப் போனது, பஸ்ஸில் நீ சத்தி எடுத்தது, பக்கத்துக் கட்டில் தாத்தா உனக்கு ரம்புட்டான் உரித்துத் தந்தது. மாஸ்டர் அதைக் குறுக்கே வெட்டினார். நான் உன்னை உட்கார வைத்து நுவரெலியாவை மனப்பாடம் பண்ண வைத்தேன். குளிக்கும்போதுகூட மலர்கள் சிரித்தன, மலர்கள் சிரித்தன என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நல்ல மார்க்ஸ் வந்தது. அந்த ரம்புட்டான் கட்டுரை இப்போது எங்கே என்று யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு லெட்சுமி அக்காவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம தம்பி கேள்வி கேக்க வந்திச்சா அக்கா?"

"வந்திச்சே. தேத்தண்ணி குடுத்தேன். பேப்பரப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு, மூஞ்ச நிமித்தவே இல்ல. எழுதிக்கிட்டுப் போறவங்க வந்தா நாங்க என்னத்தச் சொல்லுவோம்? பிரச்சன ஒன்னுமில்ல, நல்லா இருக்கோம்னேன். மக ஏன் படிக்கலன்னு கேட்டுச்சு, சும்மாதான்னேன். சரின்னு போயிருச்சு."

"உள்ளதச் சொல்லுங்க, ஏன் படிக்கல?"

"கணக்குல பெயிலு. மறுபடி எழுது புள்ளன்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன். முடியாதுன்னுட்டு கார்மென்ட்ஸுக்குப் போயிட்டா. ரொம்ப நாளு அவகூட நான் பேசல. இப்ப அவதான் இந்தப் போன வாங்கிக் குடுத்திருக்கா, பாரு. இதையெல்லாம் போயி கெம்பஸ் புள்ளகிட்டச் சொல்ல முடியுமா?"

அறிக்கையில் இருப்பதை நான் தமிழில் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் அழுதேன்னா எழுதியிருக்கு? எம் மக அவ இஷ்டத்துக்குப் போனவ. நாங்க வக்கில்லாம அனுப்பினோம்னு அவ படிச்சா என்ன நெனைப்பா?" ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "அத அழிக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

வாழ்நாள் முழுக்க என்னை 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவள். கடிதம் எழுத வருகிறவர்கள் பேசுவதைப் போல என்னிடம் "முடியுங்களா" என்று கேட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டதும் ஓடிவந்து ஏறிவிட்டேன்.

இது போதாதென்று நேற்று கசுன் பேசினான். எம்பிலிப்பிட்டியவிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கிப்போன, அறிக்கையில் பெயர் இருக்கிற உன் சிநேகிதன், தேங்காய்ச் சம்பலை மட்டும் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே, அவன். நீ போனை எடுக்கிறாயில்லை, அறிக்கை எங்கே என்று கேட்கத்தான் எடுத்தான். பேசிக்கொண்டே வந்தவன், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். உன் பகுதியை வாசித்தபோது அவனுக்கு மனம் தாங்கவில்லையாம். வீட்டுக்குப் போனபோது அந்தக் கடைக்காரத் தாய் சொன்னதைப் போனில் சிங்களமாக்கித் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினானாம். அவர் அழுதுவிட்டாராம். "அம்மே, ஏ ஒயா நேத?" என்று கேட்டான். அது நீங்கள்தானே என்று.

என்ன சொல்வேன்? உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. "ஓவ் புத்தே", ஆமாம் மகனே என்று சொல்லிவிட்டேன். அவன் சந்தோஷமாகப் போனை வைத்தான். எங்கேயோ முகம் தெரியாத ஒரு அம்மா எனக்காக அழுதிருக்கிறார், என்னிடம் இல்லாத ஒரு தழும்புக்காக. அந்த அழுகைக்கு நானும் ஆமாம் போட்டுவிட்டேன். சனிக்கிழமை உன்னைப் பார்த்து வெட்கமில்லையா என்று கத்தியவள் நான்!

கசுன் இன்னொன்றும் சொன்னான், உனக்குத் தெரியுமோ என்னவோ. அவனுக்கும் ஆங்கிலம் வராதாம், அவனும் விளங்காமலே "தேருணா சேர்" என்று சொல்கிறவன்தானாம். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள் போல. பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனிடம் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இரண்டு பேருக்கும் தெரியாது என்பதாவது தெரிந்திருக்கும்.

போனைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. பாடம் விளங்காவிட்டால் அதனிடம் கேள், ஆயிரம் தரம் கேள். ஆனால் நடந்து போனால் பார்க்கக்கூடிய தூரத்தில் உயிரோடு இருக்கிற மனிதரின் வாயை அதனிடம் கொடுக்காதே. நேற்றுப் பின்னேரம் தண்ணீர்க் குழாய்க்குக் கடிதம் கேட்டு ஒருவர் வந்தார். நான் அந்தப் பழைய கடிதத்தைத் திறக்கவில்லை. "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இழுத்து இழுத்துத்தான் சொன்னார், கடிதம் குட்டியாக வந்தது, கண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. அதற்குக் குழாய் வருமோ வராதோ தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் இதையும் அறிக்கையையும் கொடுத்து அனுப்புகிறேன், ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள். லெட்சுமி அக்கா பேசுகிற பக்கத்தை எடுத்துவிட்டேன். அவளுடைய உண்மையை நான் உனக்குச் சொன்னது நீ தெரிந்துகொள்வதற்காக, எழுதுவதற்காக இல்லை. வேண்டுமென்றால் நீயே போய் முகத்தைப் பார்த்துக் கேள், தந்தால் எழுது. என் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். மார்க்ஸ் குறையும், மற்ற நாலு பேருக்கும் நீ காரணம் சொல்ல வேண்டி வரும். சொல்லு. சேரிடமும் சொல்ல வேண்டி வந்தால் சிங்களத்திலாவது சொல்லு. திக்கினால் திக்கட்டும்.

வெறும் பக்கத்தை அனுப்பினால் நீ பயப்படுவாய் என்பதால், உன் கேள்விக்கு என் பதில் கீழே இருக்கிறது. பிள்ளையின் படிப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்றுதானே கேட்டிருந்தாய்?

நான் முதலில் எதிர்பார்த்தது வீம்பு. எதிர்க்கடைக்காரியின் மகள் ஏ.எல்.லில் தவறிய வருடம் என் மகன் கெம்பஸுக்குத் தெரிவானான். அவள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே கேக் வாங்கிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். கேவலம்தான், ஆனால் அதுதான் நடந்தது. எனக்குக் கனவு ஒன்றும் கிடையாது, கடையில் அதற்கு நேரமில்லை. என் மகன் படிக்கிற பாடத்தின் பெயரே எனக்கு வாயில் நுழையாது. அவன் நன்றாகப் படித்துவிட்டால் என்னோடு பேச அவனுக்கு ஒன்றும் இருக்காது என்று பயம். அதனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வேறெதுவும் கேட்கத் தெரியாமல் சாப்பிட்டாயா என்றே கேட்கிறேன். நான் எதிர்பார்ப்பது, அவன் கடைக்கு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, படித்ததில் ஒன்றை எனக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொல்கிற குரல் அவனுடையதாக இருக்க வேண்டும்.

இதை நீயே ஆங்கிலத்தில் எழுது. சொல் தெரியாவிட்டால் போனிடம் சொல்லைக் கேள், வசனத்தைக் கேட்காதே. சிவப்புப் பேனை எங்கே வேண்டுமானாலும் சுழித்துக்கொள்ளட்டும். எழுதி முடித்ததும் கசுனைக் கூப்பிட்டு, அன்றைக்கு அம்மா உன்னிடம் பொய் சொன்னார் என்று சொல்லிவிட்டு, இதையும் அவனுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல். அவருக்கு இந்தத் தரம் அழுகை வராது. வராவிட்டால் போகட்டும். இதைச் சொன்னது நான்.

அம்மா